கபாலம் தொலைந்த தெரு

காஞ்சிபுரத்தைப் பற்றிப் புத்தகம் எழுத உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் முதல் பத்தியிலேயே கோபுரத்தின் மேல் ஏறிவிடுகிறார்கள். பிறகு இறங்குவதில்லை. ஆயிரம் கோயில், பல்லவர் பெருமை, பட்டு, முக்தி தரும் ஏழு நகரங்களில் ஒன்று என்று வரிசையாக வந்து முடியும். இந்த ஊரில் குடியிருந்துகொண்டு அவற்றைப் படிப்பது, நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் நம் பெயரைப் பட்டங்களோடு பார்ப்பதுபோல. பிழை ஒன்றும் இருக்காது, ஆளும் இருக்க மாட்டான்.

கொஞ்ச காலமாக இந்த ஊர் சம்பந்தப்பட்ட புத்தகங்களாகவே கைக்கு வந்துகொண்டிருந்தன. அங்கத நாடகம், சரித்திர நாவல், தொல்லியல் ஆய்வேடு, பத்துப்பாட்டில் ஒன்று, நெசவாளர் நாவல் இரண்டு. திட்டம் போட்டுப் படித்ததல்ல. ஒன்று இன்னொன்றைக் கொண்டுவந்து விட்டது. எல்லாம் முடிந்த பிறகு எனக்கு ஓர் அபிப்பிராயம் உறுதிப்பட்டது. ஊரைக் காட்டுகிறேன் என்று கிளம்பியவை ஊரைக் காட்டவில்லை. வேறு காரியமாகப் போகிற வழியில் ஊரைத் தொட்டுவிட்டுப் போனவையே காட்டின.

அந்த வரிசையில் முதலிடம் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் மத்தவிலாசப் பிரகசனத்துக்கு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ஊரில் உட்கார்ந்து அரசாண்டவன் எழுதிய சமஸ்கிருத நாடகம் இது. ஒரே அங்கம், ஒரு மணி நேரத்தில் படித்துவிடலாம். சத்தியசோமன் என்றொரு கபாலி, தேவசோமை என்ற தோழியோடு குடித்துவிட்டுக் காஞ்சித் தெருக்களில் தள்ளாடிக்கொண்டு வருகிறான். அடுத்த கள்ளுக்கடைக்கு வந்து சேர்ந்ததும் அவனுக்கு அது வேள்விச்சாலையாகத் தெரிகிறது. ஒவ்வொரு பொருளையும் யாகசாலைச் சாமானோடு பொருத்திக்கொண்டே போகிறான். அதற்குள் பிச்சைப் பாத்திரமான கபாலம் காணாமல் போய்விடுகிறது. அதில் வறுத்த இறைச்சி இருந்தது. ஆகவே எடுத்தது ஒரு நாயாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு பௌத்த பிக்குவாக இருக்க வேண்டும் என்று அவன் முடிவுக்கு வருகிறான்.

அந்நேரம் பார்த்து நாகசேனன் என்ற பிக்கு ஒரு வணிகர் வீட்டில் நல்ல பிச்சை வாங்கிக்கொண்டு, பாத்திரத்தை ஆடைக்குள் மறைத்துக்கொண்டு வருகிறார். அவர் மனத்தில் ஓடுவது என்ன? இத்தனை வசதிகளை அனுமதித்த புத்தர் பெண்ணையும் மதுவையும் மட்டும் எப்படி விலக்கியிருப்பார், கிழட்டுப் பிக்குகள்தான் பொறாமையில் அந்தப் பகுதியை ஏட்டிலிருந்து எடுத்துவிட்டிருக்க வேண்டும் என்ற சந்தேகம். பிறகு கைகலப்பு. சமரசம் செய்ய ஒரு பாசுபதன், இன்னொரு வகைச் சைவத் துறவி, வருகிறான். வழக்கு மன்றத்துக்குப் போகலாம் என்ற பேச்சு எழுகிறது. தேவசோமை அதை ஒரே பேச்சில் தள்ளிவிடுகிறாள்: இந்தப் பிக்குவுக்குப் பல விகாரைகளின் பணம் இருக்கிறது, மன்றத்து அதிகாரிகளின் வாயை அடைத்துவிடுவான், நம்மிடம் என்ன இருக்கிறது?

இந்த இடத்தில் நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். எழுதியவன் யார்? அந்த மன்றமே அவனுடையது. தன் தலைநகரில், தன் நீதிமன்றத்தில் கைக்கூலி செல்லும் என்று ஒரு குடிகாரியின் வாயில் வைத்து, அதைச் சபையில் நடிக்கவும் விட்டிருக்கிறான். கேலியில் அவன் யாரையும் விடவில்லை. சைவக் கபாலி, பௌத்த பிக்கு, பாசுபதன், சொந்த அதிகாரிகள் எல்லோருக்கும் சம பங்கு. கடைசியில் கபாலத்தை உண்மையில் எடுத்தது நாய்தான் என்று தெரிகிறது. அதன் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு வருகிறவன் ஒரு பைத்தியக்காரன். அரண்மனை வாசல் நாடகத்தில் ஓரிடத்திலும் வருவதில்லை. கள்ளுக்கடை, தெருநாய், அன்னதானம் போடுகிற செட்டியார் வீடு, கைகட்டி வேடிக்கை பார்க்கிறவர்கள். ஏழாம் நூற்றாண்டுக் காஞ்சியில் ஒரு தெரு எப்படி இருந்தது என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

நாடகத்தின் பெயர் பாலாற்றைத் தாண்டி வந்தவாசிச் சாலையில் இருக்கும் மாமண்டூர்க் குடைவரைக் கல்வெட்டில் இருக்கிறது. ஆனால் பிரதி காஞ்சியில் மிஞ்சவில்லை. கேரளத்துச் சாக்கியார்கள் அதைக் கோயில் கூத்தாக ஆடிக்கொண்டே வந்ததால் அங்கே சுவடிகள் தங்கின. த. கணபதி சாஸ்திரி 1917இல் திருவனந்தபுரத்தில் அச்சிட்ட பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. நம் ராஜா நம் தெருவைப் பற்றிச் செய்த கேலியை மலையாளத்துக்காரர்கள் பத்திரப்படுத்தித் திருப்பித் தந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நன்றி சொல்ல ஒரு விழா எடுத்தாலும் தகும். எடுத்தால் அதற்கும் கோபுரம் போட்ட அழைப்பிதழ்தான் அச்சிடுவோம்.

மத்தவிலாசத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதே மகேந்திரனின் காஞ்சியில் நடக்கும் கல்கியின் ‘சிவகாமியின் சபத’த்தை மறுபடி எடுத்தேன். கல்கியைக் குறை சொல்வது இப்போது சுலபமான காரியமாகிவிட்டது. நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. முதல் பாகத்தில் மதம் பிடித்த யானை தெருவில் ஓடிவர, சிவிகையில் சிற்பி ஆயனரும் அவர் மகள் சிவகாமியும் மாட்டிக்கொள்ள, ஊருக்குப் புதியவனான பரஞ்சோதி வேலை எறிகிற இடம் இருக்கிறதே, அந்தச் சுறுசுறுப்பில் இன்று எழுதுகிறவர்கள் எத்தனை பேர் எழுதுவார்கள்? வதந்தி பரவுவதையும் கோட்டைக் கதவு சாத்துவதையும் அவர் எழுதும்போது கை நடுங்காது. 1944 முதல் 1946 வரை வாரா வாரம் வந்த தொடர். 1942இல் ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து சென்னையைக் காலி செய்துவிட்டு மூட்டையோடு ரயிலேறிய வாசகர்களுக்கு, முற்றுகைக்குத் தயாராகும் ஒரு தலைநகரைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியிருந்திருக்காது.

எனக்குள்ள வருத்தம் பிக்கு விஷயத்தில். மகேந்திரனின் நாடகத்தில் பிக்கு ஒரு சாப்பாட்டுராமன். சிரித்துவிட்டு விட்டுவிடலாம். கல்கியின் கதையில் அதே ஊருக்கு வரும் நாகநந்தி விஷம் ஊறிய உடம்போடு அலைகிற ஒற்றன், சாளுக்கிய அரசன் புலிகேசியின் இரட்டைச் சகோதரன், பேரழிவுக்கு மூலகாரணன். பக்கத்து வீட்டுக்காரனாக இருந்த மனிதனை ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்குப் பின் நாவல் அயல்நாட்டுச் சதிகாரனாக்கிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் தெருவில் பிக்குகள் இல்லாமல் போனார்கள் என்பதுதான் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். கண்ணெதிரில் நடமாடுகிறவனைக் கேலிதான் செய்ய முடியும். பூதமாக்குவதற்கு அவன் ஊரில் இருக்கக்கூடாது.

சுமார் 640இல் இங்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங்கின் குறிப்பு இதற்கு ஒத்துப்போகிறது. திராவிட நாட்டில் நூற்றுச் சொச்சம் சங்காராமங்கள், பத்தாயிரம் பிக்குகள், எண்பது தேவாலயங்கள், ஏராளமான திகம்பரர்கள் என்று கணக்குப்பிள்ளை மாதிரி எழுதிக்கொண்டு போகிறார். பயண எழுத்தாக அது எனக்கு ருசிக்கவில்லை. ஆனால் மகேந்திரன் சபையில் சிரித்தவர்களுக்கு நாகசேனனை ஏன் அறிமுகம் செய்ய வேண்டியிருக்கவில்லை என்பது அந்தக் கணக்கில் தெரிகிறது.

சமஸ்கிருதக் கவிஞர் தண்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. அவருடைய ‘அவந்திசுந்தரி கதை’ முழுமையாகக் கிடைக்காத உரைநடைக் காவியம். வர்ணனைக் காட்டுக்குள் நுழைந்து வெளியே வருவதற்குள் மூச்சு முட்டும். யாருக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனால் முன்பகுதியில் தன் கதையைச் சொல்லும்போது, பகைவர் படையெடுப்பாலும் பஞ்சத்தாலும் காஞ்சி சீரழிந்தது, தான் ஊரை விட்டு அலைந்தது, பிறகு திரும்பி வந்தது எல்லாம் சொல்கிறார். அதோடு லலிதாலயன் என்ற சிற்பி வந்து நிற்கிறான். மாமல்லபுரத்தில் கடலோரம் பள்ளிகொண்ட பெருமாளின் உடைந்த கையைத் தான் ஒட்டியிருப்பதாகவும், ஒட்டின இடம் சரியாக இருக்கிறதா என்று வந்து பார்க்க வேண்டும் என்றும் தண்டியைக் கேட்கிறான். தண்டி போகிறார். பார்க்கிறார். கை உடைந்ததே தெரியவில்லை.

சிற்பி கேட்பது பாராட்டு இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். வேலையைப் பார்க்கத் தெரிந்த கண் அவனுக்கு வேண்டியிருக்கிறது. அதற்காக ஒரு கவிஞனைத் தேடிக் காஞ்சிக்கு வருகிறான். மொத்தக் காவியத்தையும் இந்த ஒரு சம்பவத்துக்காக மன்னித்துவிடலாம்.

சி. மீனாட்சியின் ஆய்வேடு வைகுண்டப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றில் இருக்கும் சிற்ப வரிசையைப் பற்றியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1936இல் முனைவர் பட்டம் பெற்ற மீனாட்சி, அங்கே அந்தப் பட்டத்தை வாங்கிய முதல் பெண். பல்லவர் ஆட்சியையும் சமூகத்தையும் பற்றிய அவருடைய பெரிய புத்தகம் 1938இல் வந்தது. 1940இல் முப்பத்தைந்து வயது நிறையாமல் இறந்துபோனார். இந்தச் சிற்ப ஆய்வை இந்தியத் தொல்லியல் துறை மறு ஆண்டில் அச்சிட்டது. அவர் பார்க்கவில்லை.

கோயில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரோடு வைத்துப் படித்தேன். அப்படித்தான் அதைப் படிக்க வேண்டும். மணற்கல் உதிர்ந்து, பல முகங்கள் மழுங்கிவிட்டன. சில இடங்களில் மேலே பூசிய சுதை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அர்ச்சகர் ஒருவர் கடந்துபோகும்போது, “அந்தப் பக்கம் வெளிச்சம் பத்தாது, காலம்பற வாங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனார். சரியான யோசனை. கிழக்கிலிருந்து வெளிச்சம் சாய்வாக விழும்போது தேய்ந்த உருவத்துக்கும் நிழல் கிடைக்கிறது.

கதை இது. எட்டாம் நூற்றாண்டில் பல்லவ அரசன் இரண்டாம் பரமேஸ்வரவர்மன் வாரிசில்லாமல் இறந்துபோனான். ஊர்ப் பெரியவர்களும் கடிகை என்ற கல்விச்சாலையைச் சேர்ந்தவர்களும் பல்லவர் கிளைக் குடும்பத்து இரணியவர்மனிடம் போய் அரியணைக்கு ஆள் கேட்கிறார்கள். அவனுடைய மூத்த பிள்ளைகள் மாட்டேன் என்கிறார்கள். பன்னிரண்டு வயதுப் பையன் நான் போகிறேன் என்று எழுந்து நிற்கிறான். அப்பனுக்கு மனமில்லை. அதற்கு மேல் நடப்பதுதான் எனக்குப் பிடித்த பலகை. முன்னால் வைத்திருக்கும் பொருள்களைப் பார்த்து, இதென்ன யானைத்தலைகளா என்று இரணியவர்மன் திகைக்கிறான். தரண்டிகொண்ட போசர் என்பவர், இவை யானைத்தலைகள் இல்லை, உன் மகனுக்கு வரப்போகும் மகுடங்கள் என்று விளக்குகிறார். அது சிற்பத்துக்குக் கீழே வெட்டிய குறிப்பு. கல்லில் எழுதுகிறவனுக்கு இடம் குறைவு. அந்தக் குறைந்த இடத்தில் ஒரு தகப்பனின் குழப்பத்தை அவன் விட்டுவிடவில்லை. சோழர் மெய்க்கீர்த்திகளைப் படித்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

மீனாட்சியின் நடையில் அலங்காரம் கிடையாது. பலகை பலகையாகப் போகிறார். யார் நிற்கிறார், யார் உட்கார்ந்திருக்கிறார், குடை எத்தனை, குதிரை எந்தப் பக்கம் பார்க்கிறது. உணர்ச்சிவசப்பட்ட சரித்திர எழுத்தைப் படித்துப் பழகியவர்களுக்கு முதலில் சலிப்பாக இருக்கும். சுவருக்கு முன்னால் நின்று படித்தால் சலிக்காது. 2021இல் எம்மா ஸ்டைன் காஞ்சியின் அமைப்பைப் பற்றி எழுதிய ஆங்கிலப் புத்தகமும் இதே வழியில் பிறந்ததுதான். அவர் கோயில்களைத் தனித்தனியாக எண்ணாமல், அவற்றை இணைக்கும் தெருக்களின் வழியாக ஊரைப் படிக்கிறார். ஆனால் மீனாட்சியிடம் இருக்கும் பொறுமை இன்னொருவருக்கு வருவது கஷ்டம்.

பெரும்பாணாற்றுப்படையைப் பள்ளிக்கூடத்தில் படித்து வெறுத்தவன் நான். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய 500 அடிகள். தலைவன் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். இப்போது படித்தால் அதன் சாமர்த்தியம் புரிகிறது. பரிசில் வாங்கப் போகிற பாணனுக்கு வழி சொல்கிற பாட்டு. காஞ்சி கண்ணில் படுவதற்குள் பாட்டில் முக்கால் பங்கு முடிந்துவிடும். உப்பு வண்டி ஓட்டுகிற உமணர், வேட்டையாடுகிற எயினர், இடையர், உழவர், மீன் பிடிக்கிறவர் என்று ஒவ்வொரு வீட்டிலும் என்ன போடுவார்கள் என்று சாப்பாட்டுப் பட்டியலோடு போகிறது. ஊர் வந்து சேரும் இடத்தில் புலவர் எதைப் பார்க்கிறார்? பாகர்கள் கொஞ்சம் அசந்த நேரம் பார்த்து, யானைக்காக நெய் விட்டு மிதித்து வைத்திருக்கும் கவளத்தைச் சூல் கொண்ட ஒரு மந்தி திருடிக்கொண்டு போகிறது. அரசனின் யானைப் படையைப் பாடுவதற்கு ஏற்பாடு செய்யப்பட்ட புலவர் குரங்கைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கோயில் வாசலில் தேங்காய் மூடியைப் பறிகொடுத்த எல்லோருக்கும் இது சொந்த அனுபவம். 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்த உ.வே.சா.வுக்குத்தான் இதற்கும் கும்பிடு போட வேண்டும்.

இதுவரை சொன்னதில் தறி வரவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

இந்த ஊரில் பிறந்து எழுதியவர்களில் அண்ணாவைவிடப் பெரிய பெயர் கிடையாது. நெசவாளர் குடும்பத்தில், 1909இல். ‘திராவிட நாடு’ பத்திரிகையை 1942இல் இங்கிருந்துதான் தொடங்கினார். ‘ரங்கோன் ராதா’வை இப்போது படித்தேன். அடுக்குமொழி சில பக்கங்களில் காதைத் துளைக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் சொத்துக்காக மனைவிக்குப் பேய் பிடித்திருப்பதாக ஊரை நம்பவைக்கிற தர்மலிங்க முதலியாரைத் துப்பறியும் கதையின் பதற்றத்தோடு கொண்டுபோயிருக்கிறார். பேய் ஓட்டுகிற சடங்கே குற்றவாளியின் ஆயுதமாகிறது. மேடைப் பேச்சில் பத்து முறை சொல்லியும் உறைக்காத விஷயம் இந்தக் கதையில் உறைக்கிறது. ‘ஓர் இரவு’ நாடகத்தைப் பார்த்துவிட்டுக் கல்கி அவரைப் பெர்னார்ட் ஷாவோடு ஒப்பிட்டது பலருக்கும் தெரிந்த செய்தி. எனக்கு நாடகத்தைவிட இந்த நாவல் மேல்.

ஆனால் ‘ரங்கோன் ராதா’வின் நடுவிலும் தறி இல்லை. கைத்தறி நெருக்கடி முற்றிய 1953இல் அண்ணா திருச்சித் தெருக்களில் கைத்தறித் துணியைச் சுமந்து விற்றார். அதே ஆண்டு தொ.மு.சி. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ வெளிவந்தது. களம் அம்பாசமுத்திரத்துப் பக்கம், பருத்தித் தறி. நூல் விலையும் வியாபாரியின் பிடியும் ஒரு தெருவின் அடுப்பை எப்படி அணைக்கின்றன என்று ரகுநாதனுக்குத் தெரிந்திருக்கிறது. போராட்டம் வருகிற இடங்களில் மனிதர்கள் கொஞ்சம் விறைத்துக்கொண்டு பேசுகிறார்கள். அது அந்தக் காலத்து முற்போக்கு நாவலுக்குள்ள வியாதி. பசியை எழுதும்போது விறைப்பு இல்லை.

பட்டுத் தறிக்கு நமக்குக் கிடைத்திருப்பது கும்பகோணத்திலிருந்து. எம்.வி. வெங்கட்ராம் சௌராஷ்டிர நெசவாளர் சமூகத்தில் பிறந்தவர், ஜரிகை வியாபாரம் செய்தவர். ‘காதுகள்’ அவருக்கு 1993இல் சாகித்திய அகாதெமி விருதைக் கொண்டுவந்தது. பேசுகிறவர்களும் அதைத்தான் பேசுவார்கள். நான் ‘வேள்வித் தீ’யின் பக்கம். அதன் பிற்பகுதி ஆண்-பெண் நெருக்கடிக்குள் போய் அங்கேயே எரிகிறது, அது வேறு நாவல். முற்பகுதியில் கூலிக்கு நெய்கிற கண்ணனின் நாட்கள் எனக்கு முக்கியம். முதலாளிக்கும் நெசவாளிக்கும் நடுவில் நடமாடும் பணத்தின் போக்கை வியாபாரத்தில் கை வைத்தவன்தான் இப்படி எழுத முடியும். எந்த இடத்தில் பேரம் பேசுவார்கள், எந்த இடத்தில் பேசாமல் இருந்துவிடுவார்கள் என்பதெல்லாம் வெளியிலிருந்து பார்த்தால் தெரிகிற விஷயமில்லை.

எங்கள் பிள்ளையார்பாளையத்துத் தெருவில் ஒரு பெரியவர் இன்னும் கோர்வைப் புடவை நெய்கிறார். மூன்று நாடா ஓடும் வேலை அது. உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. ஓரத்துக் கரை நாடாவைத் தள்ளுவதற்கு இன்னோர் ஆள் வேண்டும். அவருக்கு அது அவருடைய மனைவி. உடலின் ஊடை கரையின் ஊடையைக் கோத்துக்கொண்டு திரும்புகிற வரிசையில் புடவையின் பின்பக்கம் விரலை வைத்தால் லேசாகச் சொரசொரக்கும். அது இல்லாவிட்டால் கோர்வை இல்லை என்பார். ஓரத்துக்கு உட்கார ஆள் கிடைக்காததால் இப்போது நிறையப் பேர் கோர்வை இல்லாத புடவைக்குப் போய்விட்டார்கள்.

அவர் வாசகர். நான் எதைப் படித்தாலும் அவரிடம் கதை சொல்ல வேண்டும், அவர் கை ஓடிக்கொண்டேயிருக்கும். மத்தவிலாசத்தைச் சொன்னேன். குடிகாரன் யாகம் பேசுகிற இடத்துக்கு அவர் சிரிக்கவில்லை, மனைவிதான் சிரித்தார். கைக்கூலி இடம் வந்ததும் தறி நின்றது.

“ராஜாவேவா எழுதினான்?”

“ஆமாண்ணே, அவனேதான்.”

“கேஸு போட்டா இன்னா ஆவும்னு அவனுக்கே தெரிஞ்சிருக்குது, பாரு” என்று மனைவியைப் பார்த்துச் சொல்லிவிட்டு மறுபடி மிதித்தார்.

இவ்வளவு ரசிக்கிறாரே என்று ‘வேள்வித் தீ’யைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பட்டு நெசவாளி கதை, உங்களுக்குப் பிடிக்கும் என்றேன். அட்டையைப் புரட்டிப் பார்த்தார். பின்பக்கம் படித்தார். திருப்பி நீட்டினார்.

“தம்பி, காலைல இருந்து பொழுதுக்கும் இந்தக் குழியிலதான் காலை உட்டுக்கினு கெடக்கறேன். ராத்திரியும் அதையே படிக்கவா? காஞ்சிவரம்னு ஒரு படம் வந்துச்சே, அதுவும் அப்படித்தான், படம் முழுக்க அழுதுக்கினே இருக்கான் பிரகாஷ்ராஜு. ராஜேஷ்குமார் இருந்தா குடு.”

இல்லை என்றேன். அவரே தறிக்குப் பின்னாலிருந்த மாடத்தில் கையை விட்டு, அட்டை போன ஒரு க்ரைம் நாவலை எடுத்துக் கொடுத்தார். முடிவை முன்னாலேயே சொல்லிவிடக்கூடாது என்று மனைவியிடம் எச்சரித்தார், அவரும் படித்திருப்பார் போல. ஒரே மூச்சில் படித்தேன். இரண்டு அத்தியாயத்துக்கு ஒரு தடவை களம் மாறுகிறது, வர்ணனை என்று ஒரு வரி கூடுதலாகக் கிடையாது, கொலைக்கான காரணம் மட்டும் கொஞ்சம் ஒட்டவைத்தது மாதிரி இருக்கிறது. அதை அவரிடம் சொன்னேன். ஒத்துக்கொள்ளவில்லை. இன்னும் அதைப் பற்றித்தான் வாதம் நடந்துகொண்டிருக்கிறது.